எழுத்தின் கூலியும் ஏட்டின் கணக்கும்



நோன்பு மாதத்திலே, கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும், பின்னிரவு நேரத்தில் றபான் தட்டிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வரும் பாவாக்களை நீங்கள் அறிவீர்கள். ஸஹர் உணவுக்கு ஊரை எழுப்புவது அவர்கள் பணி. மாதம் முழுவதும் பாடுவார்கள். பெருநாள் அண்மிக்கும்போது வீடு வீடாக வருவார்கள். அரிசியோ பணமோ, வீட்டார் மனம் விரும்பியதைக் கொடுப்பர். பாட்டுக்கு ஊதியம் கிடைக்கும் முறைகளில் இது மிகவும் பழையது. கேட்டவர் கொடுத்தார், பாடியவர் பெற்றார். இடையிலே தரகர் எவருமில்லை, கணக்கேடும் இல்லை. ஆனால் றபானின் ஓசை எட்டிய தூரத்துக்கு அப்பால் அவருக்கு ஒரு காசும் கிடையாது.

இன்று அதே தெருக்களிலே, கைத்தொலைபேசியில் கவிதை எழுதும் இளைஞரும், காணொளி ஆக்கும் யுவதியும் இருக்கின்றனர். பிளொக்செயின் என்னும் பொதுக் கணக்கேட்டை ஆதாரமாகக் கொண்ட சமூகத் தளங்களில் எழுதினால் நேரடியாகப் பணம் வரும் என்று அவர்கள் கேள்விப்படுகின்றனர். அது எவ்வாறு வருகிறது, எவ்வளவு வருகிறது, எந்த நிபந்தனையின் மேல் வருகிறது என்பவற்றைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம். பொருள் புதியது. ஆயினும் நம்முடைய கரையோரத்தின் பழைய கணக்குகளைக் கொண்டே அதனை விளங்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். எழுத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதிலும் பார்க்க, அந்தப் பணத்தின் கணக்கை யார் கையில் வைத்திருந்தார் என்பதே எழுத்தாளனின் நிலையைப் பெரும்பாலும் தீர்மானித்து வந்திருக்கிறது.

முதலிலே புரவலர் காலம். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் தொடங்கியபோது அவரை ஆதரித்தவர் சீதக்காதி என்றும், அவருக்குப் பின் அபுல்காசிம் மரைக்காயர் அப்பொறுப்பை ஏற்றார் என்றும் வரலாறு கூறும். பொருள் கொடுத்த அபுல்காசிமின் பெயர் காப்பியத்தின் உள்ளேயே இடம்பெற்றுவிட்டது. இந்த முறையிலே கணக்கு வள்ளலின் மனத்தில் இருந்தது. அது நல்ல மனமாக வாய்த்தால் புலவர் பிழைத்தார். சீறாப்புராணம் முதன்முதல் அச்சேறியது 1842 ஆம் ஆண்டில். பாடியவரின் காலத்துக்கும் அதற்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. அச்சினால் வந்த வருவாயிலே உமறுப்புலவருக்குப் பங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த முறை அண்மைக் காலம் வரை தொடர்ந்தது. சாய்ந்தமருதுக்குத் தெற்கே அடுத்த ஊர் காரைதீவு. அங்கே 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து ஆக்கிய யாழ்நூல், 1947 ஆம் ஆண்டிலே கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. அதற்கும் புரவலரின் பொருளுதவி வேண்டியிருந்தது. அடிகளார் துறவி. அவருக்கு ஊதியம் ஒரு பொருட்டன்று. பிள்ளை குட்டிகளோடு வாழும் எழுத்தாளன் நிலை வேறு.

அச்சு வந்தபின் புரவலர் ஒருவருடைய இடத்திலே சந்தாதாரர் பலர் வந்தனர். சித்தி லெப்பை அவர்கள் 1882 ஆம் ஆண்டில் கண்டியிலே முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கினார்கள். அவர்களுடைய அசன்பே சரித்திரம் 1885 இல் வெளிவந்தது. அக்காலத்துப் பத்திரிகை எதனைப் புரட்டினாலும் சந்தாப் பாக்கியை அனுப்பிவைக்குமாறு ஆசிரியர் விடுக்கும் வேண்டுகோள் கண்ணிற்படாமற் போகாது. அச்சுக்கூடத்துக்கும் கடதாசிக்காரருக்கும் உடனே பணம் கொடுக்கவேண்டும், எழுதியவருக்கு மட்டும் மிஞ்சினால் உண்டு.

இங்கே சற்றுக் கடல் கடந்து செல்வோம். 1920 ஆம் ஆண்டிலே சுப்பிரமணிய பாரதியார் நண்பர்களுக்கு ஒரு சுற்றுக்கடிதம் அனுப்பினார். தம் கையெழுத்துப் படிகளை நாற்பது நூல்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அச்சிடப்போவதாகவும், அதற்கு ஆரம்பத்தில் ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய் வேண்டுமென்றும், பணம் கடனாகத் தருவோருக்கு மாதம் நூற்றுக்கு இரண்டு வீதம் வட்டி தருவதாகவும் அதிலே எழுதினார். தம் எழுத்தின் வருங்கால வருவாயை முன்கூட்டியே பங்கு போட்டு விற்க முன்வந்த தமிழ்க் கவிஞர் அவர். மக்கள் முன்வரவில்லை. அடுத்த ஆண்டிலே அவர் காலமானார். பின்னர் இசைத்தட்டும் வானொலியும் பேசும் படமும் வந்தன. அவர் பாடல்களின் ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமை கைமாறி, ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் சேர்ந்தது. அவ்வுரிமையைச் சென்னை அரசாங்கம் 1949 இல் ஏற்று, 1955 இல் பாரதி எழுத்துக்கள் முழுவதையும் பொதுமக்களுக்கு உரியதாக்கியது. பிளொக்செயின் தளங்களிலே எழுத்தாளர் தம் வருங்காலத்தை வில்லைகளாக்கி விற்கலாம் என்று இன்று கூறப்படும்போது, எனக்கு அந்த 1920 ஆம் ஆண்டுச் சுற்றுக்கடிதமே நினைவுக்கு வருகிறது.

நம் ஊருக்குத் திரும்புவோம். மருதமுனை கைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர். புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் அவர்களைத் தந்ததும் அவ்வூரே. தமிழிலே நூல் என்ற ஒரே சொல் இழையையும் குறிக்கும், புத்தகத்தையும் குறிக்கும். இரண்டும் விளைந்த ஊர் மருதமுனை. முதலாளியிடம் நூல் வாங்கி நெய்து கொடுக்கும் நெசவாளனுக்கு, முன்பணம் கழித்து மீதிக் கூலி எவ்வளவு என்பது முதலாளியின் கொப்பியில் எழுதப்பட்டிருக்கும். புத்தக நூல் எழுதியவருக்கோ அத்தகைய கொப்பி கூட இருந்ததில்லை. கைப்பணம் போட்டு அச்சிட்டு, நண்பர்களுக்குக் கொடுத்து, மீதியைக் கட்டி வைப்பதே பெரும்பாலோர் அனுபவம்.

அந்த நிலையிலும் கல்முனையிலே நடந்தவை குறைவானவை அல்ல. பெரியநீலாவணையில் பிறந்த கவிஞர் நீலாவணன் கல்முனைத் தமிழ் எழுத்தாளர் சங்கத்தை முன்னின்று நடத்தினார். பாடும் மீன் என்ற ஏட்டையும் வெளியிட்டார். கல்முனைக்குடியில் 1944 இல் பிறந்த எம். ஏ. நுஃமான் அவர்கள் 1960களின் இறுதியிலே கவிஞன் என்னும் கவிதை ஏட்டைக் கொண்டுவந்தார். கல்முனையிலிருந்து வாசகர் சங்க வெளியீடுகளாக மஹாகவி முதலியோரின் கவிதை நூல்கள் வெளிவந்தன. கொழும்பிலோ சென்னையிலோ பெரும் பதிப்பகம் செய்திருக்கவேண்டிய வேலையை, மாதச் சம்பளக்காரரான ஆசிரியர்கள் தம் சம்பளத்திலிருந்து செய்தனர். நீலாவணன் 1975 இல் மறைந்தார். அவருடைய கவிதைத் தொகுதியாகிய 'வழி' 1976 இலேதான் அச்சேறியது. வேளாண்மைக் காவியம் 1982 வரை காத்திருந்தது. கவிதைக்கு அவர் பெற்ற கூலி என்னவென்று கேட்பதே வீண்.

வானொலி ஒன்றே இதிலே ஒரு மாற்றத்தைச் செய்தது. 1925 இல் கொழும்பிலே தொடங்கிய ஒலிபரப்பு, 1949 இல் இலங்கை வானொலி என்ற திணைக்களமாயிற்று. 1967 இல் கூட்டுத்தாபனமாயிற்று. பேச்சுக்கும் கவிதைக்கும் நாடகத்துக்கும் ஒப்பந்தத் தாள் அனுப்பி, சன்மானம் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக் கையொப்பம் வாங்கும் வழக்கம் அதனோடு வந்தது. தொகை சிறியது. ஆயினும் எழுதியவனின் பெயருக்குக் காசோலை வந்தது. பத்துப் பேர் கேட்டாலும் பத்து இலட்சம் பேர் கேட்டாலும் தொகை ஒன்றே என்பது அதன் குறை.

கேட்பவர் தொகையை எண்ணிக் கூலி கொடுக்கும் வேலையை யூடியூப் போன்ற கொம்பனிகள் செய்தன. விளம்பரக்காரர் கொடுக்கும் பணத்திலே ஒரு பங்கு ஆக்கியோனுக்கு வருகிறது. ஆனால் கணக்கேடு கொம்பனியின் பெட்டகத்தில் இருக்கிறது. 2018 ஆம் ஆண்டிலே யூடியூப் தன் விதியை மாற்றி, ஆயிரம் சந்தாதாரரும் ஓராண்டில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் இல்லாத வாயில்களுக்கு விளம்பரப் பங்கு இல்லை என்றது. உலகெங்கும் சிறு ஆக்கியோர் ஒரே நாளில் பட்டியலிலிருந்து நீங்கினர். அவர்களைக் கேட்க வேண்டிய தேவை கொம்பனிக்கு இருக்கவில்லை.

இந்த இடத்திலே பிளொக்செயின் வருகிறது. அதன் கருத்து எளியது. 1991 இல் ஸ்டுவர்ட் ஹேபர், ஸ்கொட் ஸ்டோர்னெட்டா என்ற இரு அமெரிக்க அறிஞர், கணினி ஆவணம் ஒன்று எந்நாளில் இருந்தது என்பதை எவரும் பின்னர் திருத்த முடியாதபடி நிறுவுவது எப்படி என்று ஆராய்ந்தனர். ஆவணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியெண் இட்டு, அடுத்த பதிவிலே முந்தியதன் குறியெண்ணையும் சேர்த்துக் கோத்துவிட்டால், நடுவில் ஒன்றைத் திருத்தியவன் பின்வரும் அனைத்தையும் திருத்த வேண்டியவனாவான். 1995 முதல் அவர்களுடைய நிறுவனம் அந்தக் குறியெண்ணை வாரந்தோறும் நியூ யோர்க் ரைம்ஸ் பத்திரிகையிலே, பொருள் இழந்தோர் கண்டெடுத்தோர் விளம்பரங்களின் நடுவே அச்சிட்டது. ஊரறிய அச்சிட்ட எண்ணை யார் அழிக்க முடியும்! 2009 இல் தொடங்கிய பிட்கொயின் இதே சங்கிலி முறையைப் பணக் கணக்குக்குப் பயன்படுத்தியது. ஏட்டின் படி ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒருங்கே இருக்கும். எந்த ஒரு முதலாளியின் கொப்பியும் அதற்குத் தலைக்கொப்பி அன்று.

எழுத்துக்கு இதனைப் பெருமளவிற் பொருத்திப் பார்த்த தளம் ஸ்டீமிட். நெட் ஸ்கொட், டான் லாரிமர் என்ற இருவர் 2016 மார்ச் மாதத்தில் ஸ்டீம் என்ற சங்கிலியைத் தொடங்கினர். அவ்வாண்டு யூலை 4 ஆம் திகதி முதற் கொடுப்பனவு நிகழ்ந்தது. தொடக்கத்தில் அங்கே விளம்பரம் இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஸ்டீம் என்னும் நாணயம் புதிதாகப் பிறக்கிறது. அதிற் பெரும்பகுதி ஒரு பொதுக் குவியலிற் சேர்கிறது. ஒருவர் ஒரு பதிவை எழுதியபின் ஏழு நாட்கள் வாசகர் வாக்களிக்கலாம். ஏழாம் நாள் முடிவிலே, வாக்கின் அளவுக்கேற்பக் குவியலிலிருந்து அப்பதிவுக்குப் பங்கு கிடைக்கும். முதலில் அதிலே முக்காற்பங்கு எழுதியவருக்கும் காற்பங்கு வாக்களித்தவருக்கும் போயிற்று. 2019 ஓகஸ்ட் மாதம் முதல் பாதிக்குப் பாதி. எவர் எவருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை உலகில் எவரும் எந்நேரமும் திறந்து பார்க்கலாம்.

இதுவரை கேட்டவர்களுக்கு இது பாவாவின் முறையே உலகளாவியதாக மாறியது போலத் தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும். வாக்கு ஆளுக்கொன்று அன்று. எவ்வளவு நாணயத்தைப் பூட்டி வைத்திருக்கிறாரோ அவ்வளவு நிறை அவர் வாக்குக்கு உண்டு. நம் வயற்கரையிலே சொல்வதானால், களத்தைச் சூழ்ந்து ஊரார் அனைவரும் நிற்கலாம், ஆனால் போடியாரின் ஒரு தலையசைப்பு நூறு கூலிக்காரரின் கூக்குரலை வெல்லும். நல்ல கவிதைக்கு நூறு ஏழை வாசகர் வாக்களித்துச் சில சதம் வரும். அதே நாளிலே பெருநாணயக்காரர் ஒருவர் தம் நண்பரின் இரண்டு வரிக்கு ஒரு வாக்கிட்டால் பல டொலர் வரும். பிடிக்காத பதிவுக்கு எதிர்வாக்கிட்டு அதன் கூலியைக் குறைக்கவும் அவரால் முடியும். வாக்கின் நிறையை வாடகைக்கு விற்கும் வியாபாரமும் வந்தது. ஏடு திறந்திருந்தமையால் இவையெல்லாம் பலரறிய நடந்தன என்பது உண்மை. அறிந்தமையால் மட்டும் அவை நின்றுவிடவில்லை.

வருவாயின் அளவும் நாணயத்தின் விலையைப் பொறுத்தது. 2016 இன் முதல் வாரங்களிலே சில பதிவுகள் ஆயிரக்கணக்கான டொலர் ஈட்டின. 2018 சனவரியிலே ஒரு ஸ்டீம் ஏறக்குறைய எட்டு டொலர் வரை சென்றது. அவ்வாண்டு முடியுமுன் அது ஒரு டொலருக்கும் மிகக் கீழே வீழ்ந்தது. நவம்பரிலே நிறுவனம் தன் ஊழியரில் நூற்றுக்கு எழுபது பேரை நீக்கியது. வாக்குக்கு வலுச்சேர்க்கப் பூட்டி வைத்த நாணயத்தை மீட்க விரும்பியவருக்கு அது அக்காலத்தில் வாரத்துக்கொரு பங்காகப் பதின்மூன்று வாரங்களிலேதான் வெளிவந்தது. விலை சரியும் காலத்திலே அப்பதின்மூன்று வாரமும் கடலில் வலை விரித்துவிட்டுப் புயலைப் பார்த்திருப்பது போன்றதே.

2020 இல் நடந்தது இன்னும் கருதத்தக்கது. பெப்ரவரியிலே யஸ்டின் சன் என்ற வணிகர் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். நிறுவனத்திடம் ஆரம்பத்திலேயே ஒதுக்கப்பட்ட பெருந்தொகை நாணயம் இருந்தது. அதைக் கொண்டு ஏட்டின் ஆட்சியையே கைப்பற்றலாம் என்று அஞ்சிய பராமரிப்பாளர்கள் அந்நாணயத்தை வாக்களிக்க முடியாதபடி முடக்கினர். மார்ச் மாதத் தொடக்கத்திலே சில நாணய மாற்று நிலையங்கள், தம்மிடம் வாடிக்கையாளர் வைத்திருந்த நாணயத்தையே வாக்காக இட்டு, அப்பராமரிப்பாளரை நீக்கின. களஞ்சியத்திலே பத்திரமாக இருக்கட்டும் என்று நாம் வைத்த நெல்லைக் காட்டி, களஞ்சியக்காரர் ஊர்க் கூட்டத்திலே வாக்களித்தால் எப்படியிருக்கும்! மார்ச் 20 ஆம் திகதி அதிருப்தியுற்றோர் ஏட்டை முழுவதும் படியெடுத்து, நிறுவனத்தின் பெருந்தொகையை நீக்கி, ஹைவ் என்ற புதுச் சங்கிலியைத் தொடங்கினர். யூடியூபிலே விதி மாறினால் வாய்மூடிப் போவதன்றி வழியில்லை. இங்கே ஏட்டையும் எடுத்துக்கொண்டு வெளியேற முடிந்தது. பிளொக்செயின் எழுத்தாளருக்குக் கொடுத்த புதிய உரிமை இதுவே என்று நான் கருதுகிறேன். பணம் அதற்கு அடுத்த நிலையிலேதான் நிற்கிறது.

வேறு வழிகளும் உள. ஓர் ஆக்கத்தின் எண்ணிட்ட பிரதியை உரிமைச்சீட்டோடு விற்பது ஒன்று. 2021 மார்ச்சிலே பீப்பிள் என்ற ஓவியரின் கணினிப்படம் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஆறு கோடியே தொண்ணூறு இலட்சம் டொலருக்கு விலைபோனதிலிருந்து உலகம் அதனை அறிந்தது. பிரதி கைமாறும் போதெல்லாம் ஆக்கியோனுக்கு ஒரு பங்கு தானாகவே வரும் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் 2023 இலே பெருஞ்சந்தையாகிய ஓப்பன்சீ அப்பங்கைக் கட்டாயமாக அறவிடுவதைக் கைவிட்டது. வாசகர் சிலரிடம் முன்பணம் திரட்டி நூல் எழுதும் முறையும் உண்டு. நம் முன்னோரின் சந்தாப் பதிப்பை நினைத்துக்கொண்டால் போதும். தமிழில் எழுதுவோருக்கு ஏதாவது நிலைக்குமானால் இம்முறை நிலைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நூறு உறுதியான வாசகர் போதும், நாணய விலையின் தயவு அத்துணை வேண்டியதில்லை.

கிடைத்த நாணயத்தைக் கல்முனைச் சந்தையிலே செல்லும் பணமாக்குவது தனிப் பிரச்சினை. இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆம் ஆண்டுகளிலே மெய்நிகர் நாணயம் பற்றிப் பொதுமக்களை எச்சரித்து, அது சட்டபூர்வப் பணமன்று என்றும், எந்த நிறுவனத்துக்கும் அவ்வியாபாரத்துக்கு அனுமதி வழங்கப்படவில்லை என்றும் கூறியது. 2021 ஆம் ஆண்டுப் பணிப்புரையின் கீழ் வங்கி அட்டைகளால் அதனை வாங்கவும் இடமில்லை. ஆகவே தனியார் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் வழியே பலர் நாடுவது. அங்கே ஏமாற்றப்பட்டவர் முறையிடும் இடம் அரிது. எழுதி ஈட்டுவது வேறு, வாக்கின் நிறைக்காக ஊர்ப்பணத்தைக் கொடுத்து நாணயம் வாங்குவது வேறு. முன்னதிலே இழப்பது நேரம் மட்டும். பின்னதிலே வீட்டு நகையும் போகலாம்.

மார்க்க அடிப்படையிலும் நம் ஊர்களில் இவ்வினா எழுகிறது. எகிப்தின் முப்தி 2018 தொடக்கத்தில் பிட்கொயின் வியாபாரத்தைத் தடுத்தார். மலேசியப் பிணையங்கள் ஆணைக்குழுவின் ஷரீஆ ஆலோசனைச் சபை 2020 இலே, அங்கீகரிக்கப்பட்ட சந்தைகளில் எண்ணிமச் சொத்துக்களின் வர்த்தகத்தை அனுமதித்தது. இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரிலே, அதனைப் பணமாகப் பயன்படுத்தல் ஆகாது என்றும், அடிப்படைச் சொத்தும் தெளிவான பயனும் உடையதாயின் பண்டமாக விற்கலாம் என்றும் தீர்த்தது. அறிஞர் கருத்து வேறுபட்ட இவ்விடயத்தில் நேயர்கள் தத்தம் ஆலிம்களிடம் கேட்டறிவதே முறை.

கடைசியாக ஒரு சிறு விடயம். இத்தளங்களிலே கணக்குக்கு உரிமை தருவது சாவி எனப்படும் ஒரு நீண்ட எழுத்துக்கோவை. அதை இழந்தவருக்குத் திருப்பிக் கொடுக்க அலுவலகம் எதுவுமில்லை. எழுத்து மட்டுமே பெரும்பாலும் சங்கிலியிற் பதிகிறது. படமும் காணொளியும் வேறிடத்தில் இருந்து அழியக்கூடும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் நம் கரையை மூடியபோது வீடுகளோடு வீட்டிலிருந்த தாள்களும் போயின. அடுத்த ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், எஞ்சிய ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் படியெடுத்துக் காத்து வருகிறது. ஆகையால் தளத்திலே எழுதுவோர் தம் எழுத்தின் படியொன்றை வேறிடத்திலும் வைத்திருத்தல் வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து எழுபது ஆண்டு வரை பதிப்புரிமை வாரிசுகளுக்கு உரியது. சட்டம் கொடுக்கும் அவ்வுரிமை சாவியைத் திறந்து கொடுக்காது. நீலாவணனின் கையெழுத்துப் படிகள் வீட்டில் இருந்தமையால் அவர் மறைந்த மறு ஆண்டே 'வழி'யை அச்சேற்ற முடிந்தது. தளத்திலே சேர்ந்த நாணயம் எவ்வளவாயினும், சாவி இருக்குமிடத்தை வீட்டாருள் ஒருவருக்கேனும் சொல்லிவையாதவரின் பங்கு அந்தப் பொது ஏட்டிலே எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துகொண்டிருக்கும், எடுப்பார் எவருமிரார்.